மைனர் பெயரில் தேசிய சேமிப்புப் பத்திரம்: இரண்டு ஆண்டு அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

எங்கள் தந்தை அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டுக் கட்டபெட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வாங்கியிருந்தார். பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலை பறிகூலிக்கே சரியாகிவிடுகிறது என்று சொல்லி, தம் கடைசிக் காலத்தில் அதை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் பதினெட்டு லட்சம் ரூபாய், அவருக்கு முன்பே காலமாகிவிட்ட என் தம்பியின் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாகச் சேர வேண்டுமென்று உயில் எழுதி வைத்தார். அந்த உயிலை நிறைவேற்றும் பொறுப்பு எனக்கு. பணத்தைப் போட்டு வைத்த நேரத்தில் பையனுக்குப் பதின்மூன்று வயது நிரம்பி ஒரு மாதம். பெண்ணுக்கு எட்டு வயது. அவர்கள் பெரியவர்களாகும் வரை பணத்தை எங்கே வைப்பது என்று நானும் தம்பி மனைவியும் ஆறு மாதம் அலைந்து, கடைசியில் பெரும்பகுதியை 2024 பிப்ரவரியில் ஓர் அஞ்சலகத்தில் தேசிய சேமிப்புப் பத்திரமாகப் போட்டோம். அந்தப் பத்திரத்தைப் பற்றிய மதிப்பீடு இது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நாங்கள் முயன்று பார்த்த மற்றவற்றையும் இடையிடையே சொல்கிறேன்.

வட்டி விகிதத்தைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் பிள்ளைகளின் பணத்தைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது வட்டி அல்ல, பூட்டு. இதை எனக்குப் புரியவைத்தவர் குன்னூரில் தொழில் செய்யும் ஒரு வழக்கறிஞர். 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, மைனருக்குச் சொந்தமான நிலத்தையோ வீட்டையோ விற்கவோ அடமானம் வைக்கவோ தாயானாலும் தந்தையானாலும் நீதிமன்றத்தின் முன் அனுமதி பெற்றாக வேண்டும். ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதற்குக்கூட அந்த அனுமதி வேண்டும். பணத்துக்கு அப்படிப்பட்ட தடை எதுவும் இல்லை. மைனரின் நலனுக்குத் தேவையானதை, நியாயமானதைக் காப்பாளர் செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். அதாவது தந்தை அந்தத் தேயிலையை நிலமாகவே பேரப்பிள்ளைகளுக்கு எழுதி வைத்திருந்தால், அதன் மேல் கைவைக்க நினைப்பவர் உதகை மாவட்ட நீதிமன்றப் படியேற வேண்டியிருந்திருக்கும்; விற்றுப் பணமாக்கிவிட்டதால் ஒரே ஒரு கையெழுத்தில் முழுவதையும் எடுத்துவிடலாம் என்ற நிலைமை வந்துவிட்டது. தந்தை இதை யோசித்திருக்கமாட்டார்.

இந்த ஆபத்து ஏதோ பேராசைக்காரர்களிடமிருந்து வருவது என்று யாரும் நினைக்க வேண்டாம். தம்பி மனைவி கோத்தகிரியில் தையல் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைத் தமக்கென்று எடுக்காதவர். அவருக்கே பூட்டு வேண்டியிருந்தது. "எடுக்க முடியும் என்று தெரிந்தால் கேட்பார்கள், மாமா. கேட்டால் என்னால் இல்லையென்று சொல்ல முடியாது" என்றார். கணவனை இழந்த ஒரு பெண்ணின் பொறுப்பில் பதினெட்டு லட்சம் இருக்கிறது என்று தெரிந்தால், உறவுக்குள்ளேயே கல்யாணச் செலவு, டிராக்டர் தவணை, ஆஸ்பத்திரிச் செலவு என்று வரிசையாக வருவார்கள். அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல, எல்லோருக்கும் நிஜமாகவே தேவை இருக்கிறது. அதனால்தான் மறுப்பது அவ்வளவு கடினமாக இருக்கிறது.

முதலில் நாங்கள் போனது ஒரு வங்கிக் கிளைக்கு. பெயர் வேண்டாம். மைனர் பெயரில் வைப்புத்தொகை தொடங்க நான்கு முறை போக வேண்டியிருந்தது. முதல் முறை, தாய் காப்பாளராக இருப்பதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றார்கள். இது தவறு, தந்தை உயிருடன் இல்லாதபோது தாய்தான் இயற்கைக் காப்பாளர் என்பதில் சட்டப்படி எந்தச் சந்தேகமும் கிடையாது. தந்தை உயிருடன் இருக்கும்போதே தாய் காப்பாளராக முடியுமா என்ற கேள்விகூட 1999இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்துவிட்டது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகனின் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது தந்தையின் கையெழுத்தைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்; அதிலிருந்து எழுந்த வழக்கில்தான் அந்தத் தீர்ப்பு வந்தது. கால் நூற்றாண்டு கழித்தும் ஒரு கவுண்டரில் அதே கேள்வியைக் கேட்டது எரிச்சலாக இருந்தது. இரண்டாம் முறை சர்வர் வேலை செய்யவில்லை. மூன்றாம் முறை போனபோது, வைப்புத்தொகைக்குப் பதிலாகக் குழந்தைகளுக்கான ஒரு காப்பீட்டுத் திட்டத்தை, ஆண்டுக்கு இரண்டு லட்சம் வீதம் பத்து ஆண்டுகள் கட்ட வேண்டியதை, "இதுவும் எஃப்.டி. மாதிரிதான்" என்று சொல்லி எங்கள் முன் வைத்தார்கள். அது எந்த வகையிலும் எஃப்.டி. மாதிரி அல்ல, பாதியில் நிறுத்தினால் போட்டதில் ஒரு பகுதி போய்விடும்.

அப்புறம் கணக்குத் தொடங்கிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே நான் கேட்ட ஒரே முக்கியமான கேள்விக்கு வந்த பதில்தான் எங்களை அஞ்சலகத்துக்கு அனுப்பியது. முதிர்வுக்கு முன் இதை உடைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். மைனரின் நலனுக்காகத்தான் எடுக்கிறேன் என்று காப்பாளர் ஓர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், வட்டியில் கொஞ்சம் குறையும் என்றார் அந்த அதிகாரி. நல்ல மனிதர், உள்ளதைச் சொன்னார். அப்படியானால் அது பூட்டு அல்ல, வெறும் தாழ்ப்பாள்.

பூட்டுப் போடத் தெரியாத நாடல்ல இது. தோட்டத் தொழிலாளி ஒருவர் இறந்து, அவருடைய பணிக்கொடை சிறு வயதுப் பிள்ளைக்கு வர வேண்டியிருந்தால், பணிக்கொடைக்கான சட்டப்படி அந்தப் பங்கைக் குடும்பத்தின் கையில் தரமாட்டார்கள். அதைச் சட்டத்தின் கீழ் அதற்கென உள்ள அதிகாரியிடம் கட்ட வேண்டும். பிள்ளைக்குப் பதினெட்டு நிரம்பும் வரை அவர் அதை வங்கியில் முதலீடு செய்து வைப்பார். சாலை விபத்து இழப்பீட்டில் பிள்ளைகளின் பங்கையும் தீர்ப்பாயங்கள் இதே போல நீண்டகால வைப்பில் போட்டு வைக்கின்றன. உத்தரவு இல்லாமல் வங்கி அதை உடைக்காது. உயில் வழியாக வரும் பணத்துக்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பிள்ளையின் சார்பில் யாரிடம் தர வேண்டும் என்று உயிலில் எழுதியிராவிட்டால், நிறைவேற்றுபவர் அதை மாவட்ட நீதிமன்றத்தில் கட்ட வேண்டும் என்கிறது 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். எங்கள் தந்தை "தாயிடம் ஒப்படைக்கவும்" என்று ஒரு வரி எழுதியிருந்ததால் அந்த வழி எங்களுக்கு வரவில்லை. பூட்டை நாங்களே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இனி பத்திரத்துக்கு வருகிறேன். தேசிய சேமிப்புப் பத்திரத்தின் காலம் ஐந்து ஆண்டுகள். நாங்கள் போட்டபோது வட்டி 7.7 சதவீதம், ஆண்டுக்கு ஒரு முறை கூட்டப்பட்டு, முதிர்வில்தான் தரப்படும். ஒரு லட்சம் போட்டால் ஐந்து ஆண்டு முடிவில் 1,44,903 ரூபாய். எங்களுக்கு இதைவிட முக்கியமானது வேறொன்று. வைத்திருப்பவர் இறந்தாலோ, நீதிமன்றம் உத்தரவிட்டாலோ, அடமானம் பெற்ற அதிகாரி பறிமுதல் செய்தாலோ தவிர, ஐந்து ஆண்டுக்கு முன் இதை உடைக்க முடியாது. உறுதிமொழி எழுதிக் கொடுத்தும் முடியாது, வட்டியை விட்டுக்கொடுத்தும் முடியாது. முதலீட்டு ஆலோசனை சொல்பவர்கள் வழக்கமாக இதைக் குறையாகத்தான் எழுதுவார்கள். எங்களுக்கு இந்தக் குறைதான் வேண்டியிருந்தது.

அடுத்து வயதுக் கணக்கு. பதின்மூன்றோடு ஐந்தைக் கூட்டினால் பதினெட்டு. பையனுக்குப் பதின்மூன்று நிரம்பிய அடுத்த மாதம் போட்ட பத்திரம், அவனுக்குப் பதினெட்டு நிரம்பிய அடுத்த மாதம், 2029 பிப்ரவரியில், முதிர்கிறது. அன்று அவன் மைனர் அல்ல. தாயின் கையெழுத்து செல்லாது, அவனுடைய கையெழுத்துதான் செல்லும். அவன் பங்கான ஒன்பது லட்சத்தில் ஆறு லட்சத்தை இப்படிப் போட்டோம்; 8,69,418 ரூபாயாக அவனுக்கு வரும். மீதி மூன்று லட்சத்தை, பன்னிரண்டாம் வகுப்பு வரையான படிப்புச் செலவுக்காக, அதே வங்கியில் மைனர் வைப்பாக விட்டிருக்கிறோம். தாழ்ப்பாளும் ஓரிடத்தில் தேவைதானே. முப்பது நாள் முந்திப் போட்டிருந்தால் முதிர்வுத் தேதி பிறந்தநாளுக்கு முன் விழுந்து, பணம் மறுபடி காப்பாளர் கைக்கு வந்திருக்கும். ஆகவே பதின்மூன்றாம் பிறந்தநாளுக்கு முன் இந்தப் பத்திரத்தைப் போடாதீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

பெண்ணுக்கு எட்டு வயது என்பதால் இரண்டு சுற்று தேவைப்படுகிறது. இப்போது போட்டது 2029இல் அவளுடைய பதின்மூன்றாம் வயதில் முதிரும். அதை அப்படியே மறுபடி போட்டால் 2034இல், பதினெட்டு நிரம்பிய பிறகு, கைக்கு வரும். நடுவில் ஒரு நாள் கதவு திறக்கிறது என்பது இந்த ஏற்பாட்டின் பலவீனம்தான். அதற்கு வழி இல்லை. பதினோரு வயது நிரம்பிய பிள்ளையாக இருந்தால், ஏழு ஆண்டு ஓடும் ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டிச் சேமிப்புப் பத்திரம் ஒரே தாவலில் பதினெட்டைத் தொட்டுவிடும். அதையும் இளையவர்கள் முன்கூட்டி உடைக்க முடியாது. ஆனால் அதில் வட்டி ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்குக்கு வந்துவிடும், சேர்ந்து வளராது.

பெண் பிள்ளைக்கு இதைவிட நல்ல பூட்டு ஒன்று உண்டு. செல்வமகள் சேமிப்புத் திட்டம். 2015இல் தொடங்கியது, பத்து வயதுக்குள் கணக்குத் தொடங்க வேண்டும், நாங்கள் தொடங்கியபோது வட்டி 8.2 சதவீதம், வட்டிக்கு வரியும் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்தோ பதினெட்டு நிரம்பியோ படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். மீதி, கணக்குத் தொடங்கி இருபத்தொரு ஆண்டுகளில் முதிரும். பதினெட்டுக்குப் பிறகு திருமணம் என்றால் முன்பே முடித்துக்கொள்ளலாம். ஒரே சிக்கல், ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட முடியாது என்பதால் உயில் பணம் போல மொத்தமாக வருவதை அதில் கொட்டிவிட முடியாது. நாங்கள் ஐந்து லட்சத்தைப் பத்திரத்திலும், முதல் ஆண்டு ஒன்றரை லட்சத்தைச் செல்வமகளிலும் போட்டு, மீதி இரண்டரை லட்சத்தை வங்கியில் வைத்து ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக அங்கிருந்து செல்வமகளுக்கு மாற்றி வருகிறோம். தாத்தா பாட்டி ஆசையாகத் தொடங்கிய செல்வமகள் கணக்குகளுக்கு ஓர் எச்சரிக்கை: அவர்கள் சட்டப்படியான காப்பாளராக இல்லாவிட்டால் அந்தக் கணக்கைத் தாய் அல்லது தந்தை பெயருக்கு மாற்ற வேண்டும் என்று 2024 அக்டோபர் முதல் நடைமுறை வந்திருக்கிறது.

அஞ்சலகச் சேவை எப்படி? நாங்கள் போன நாள் காலையிலிருந்து பனிமூட்டம், பத்து மணிக்கு மின்சாரம் இல்லை, பன்னிரண்டுக்கு வந்தது. ஆனால் கவுண்டரில் இருந்த அம்மையாருக்கு வேலை தெரிந்திருந்தது. பிறப்புச் சான்று, இருவரின் ஆதார், தாயின் பான், தம்பியின் இறப்புச் சான்று, காசோலை. வேறு எதையும் கேட்கவில்லை. பத்து வயது தாண்டிய பையன் தன் பெயரிலேயே கையெழுத்திட்டு வாங்கலாமே, காப்பாளர் வழியாகத்தான் வேண்டுமா என்று அவரே கேட்டார். தாய் வழியாகவே போட்டோம். பதின்மூன்று வயதுப் பையனின் கையெழுத்து ஐந்து ஆண்டில் அடையாளம் தெரியாமல் மாறிவிடும் என்பது என் கணக்கு. முழுவதும் முடிய இரண்டு மணி நேரம். எங்கள் தந்தையின் காலத்தில் இது அச்சடித்த காகிதப் பத்திரமாக வரும். மலையின் ஈரத்தில் டிரங்குப் பெட்டிக்குள் பூஞ்சை பிடித்து, எண் தெரியாமல் போன ஒன்றுக்காக அவர் அலைந்தது எனக்கு நினைவிருக்கிறது. 2016 முதல் காகிதம் இல்லை, பாஸ்புக்தான். பாஸ்புக்குக்கும் பூஞ்சை பிடிக்கும். ஆனால் கணக்கு கணினியில் இருக்கிறது.

பாதுகாப்பு விஷயத்தில் ஒரே ஒரு வரி போதும்: வங்கி வைப்புக்குக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரைதான், அஞ்சலகப் பத்திரத்துக்கு மத்திய அரசே முழுப் பொறுப்பு.

குறைகளும் உண்டு. முதலாவது வரி. உயிலில் வந்த பணத்துக்கு வரி இல்லை. மரண வரி 1985இலேயே ஒழிந்தது. ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வட்டி, பிள்ளை மைனராக இருக்கும் வரை, தாயின் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். பழைய வரி முறையில் இருப்பவருக்குப் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய் மட்டும் விலக்கு. அதுவும் புதிய முறையில் கிடையாது. பத்திரத்தின் வட்டி கைக்கு வராமலே ஆண்டுதோறும் சேர்வதால், கைக்கு வராத வட்டியைக் கணக்கில் காட்டுவது தையல் தொழில் செய்யும் ஒருவருக்குப் புதிராக இருக்கிறது. அவருடைய வருமானம் வரி வரம்புக்குக் கீழே என்பதால் எங்களுக்குச் சுமை இல்லை. சம்பளக்காரப் பெற்றோருக்கு இது சுமையாகலாம்.

இரண்டாவது, பூட்டில் ஒரு சந்து இருக்கிறது. இந்தப் பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம். மைனர் பெயரில் இருப்பதையும், மைனரின் நலனுக்காக என்று காப்பாளர் எழுதித் தந்தால் வைக்கலாம். நடைமுறையில் இதற்கு அலைய வேண்டியிருப்பதே பெரிய தடை. மூன்றாவது, பதினெட்டுக்கு அப்பால் இந்தப் பத்திரம் எதையும் செய்யாது. 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினெட்டு நிரம்பியவர் மேஜர். எட்டரை லட்சத்தை வாங்கி அடுத்த வாரமே மோட்டார் சைக்கிள் கடைக்குப் போனாலும் யாரும் கேட்க முடியாது. இருபத்தொன்று, இருபத்தைந்து வயதில்தான் தர வேண்டும் என்று நினைப்பவர்கள் உயிலிலேயே 1882ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டப்படி ஒரு தனியார் டிரஸ்ட் ஏற்படுத்தி, பணத்தைப் பொறுப்பாளர் பெயரில் விட வேண்டும். அது பெரிய சொத்துக்குச் சரி. பதினெட்டு லட்சத்துக்கு ஆண்டுதோறும் கணக்கு எழுதி, தனியாக வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொண்டிருப்பது எங்களைப் போன்ற குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. அதுவும் தந்தை உயிருடன் இருந்தபோது எழுதியிருக்க வேண்டியது. இப்போது பேசிப் பயனில்லை.

பூட்டு வேலை செய்கிறதா என்பதற்கு ஒரே ஒரு சோதனை நடந்தது. அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 2024 ஐப்பசி மழையில் என் வீட்டின் பின்புறத் தடுப்புச் சுவர் சரிந்துவிட்டது. மண் மேலும் இறங்காமல் உடனே கட்ட வேண்டும் என்றார் கொத்தனார். கையில் அவ்வளவு பணம் இல்லை. உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருக்கும் நானே, ஆறு மாதத்தில் திருப்பிவிடலாம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய், தேநீர் குடித்தபடி சுற்றி வளைத்துப் பேச்செடுத்தேன். தம்பி மனைவி பீரோவைத் திறந்து பாஸ்புக்கை எடுத்து, முதிர்வுத் தேதியில் விரலை வைத்துக் காட்டினார். "அதுவரை திறக்காதாமே மாமா" என்றார், அவ்வளவுதான். கோபமும் இல்லை, சங்கடமும் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்துச் சுவரைக் கட்டினேன்.

ஐந்துக்கு நான்கரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண்ணை, பெண்ணுக்காக நடுவில் ஒரு நாள் திறக்கும் கதவுக்காகக் குறைத்தேன். அந்த நாளில், 2029 பிப்ரவரியில், எனக்கு எழுபத்து மூன்று வயது. அதனால் தங்கையின் பத்திரத்தை மறுபடி போட வேண்டிய தேதியையும், கொண்டுபோக வேண்டிய காகிதங்களின் பட்டியலையும் பையனிடமே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவன் அதைத் தன் பாஸ்புக்கின் பின்னட்டையில் ஒட்டி வைத்திருக்கிறான்.